வலியே இல்லாத பல்லுக்கு எதற்கு எக்ஸ்ரே?

ஈரோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி, 5 ஜூலை 2024

பல் சுத்தம் செய்யப் போனேன். ஒரு பல்லிலும் வலி இல்லை, ஆட்டம் இல்லை. ஆனாலும் இரண்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி வந்துவிட்டேன். வலிக்காத பல்லுக்கு எதற்குப் படம்? கதிர்வீச்சு வேறு. காசு பிடுங்கும் வேலை என்றுதான் தோன்றுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

6 ஜூலை 2024, இரவு 11.10

இதே பதிலை 2016இல் நானும் சொல்லிவிட்டு வந்தேன். திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டரம்மா. கீழ்வாயில் வலப்பக்கம் ஞானப்பல் பாதி முளைத்து, முன்னால் இருக்கும் கடைவாய்ப் பல்லின் மேல் சாய்ந்து கிடக்கிறது, இரண்டுக்கும் நடுவில் சோறு போய் அடைகிறது, உள்ளே எப்படி இருக்கிறதென்று ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். எனக்கு வலி இல்லை. அந்த வாரம் மகளை எல்கேஜி சேர்க்கப் பணம் கட்ட வேண்டும். "சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள் நாலு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

2020 பொங்கல் முடிந்த வாரம். ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. இரவு ஒன்பது மணி டீ வந்தது. ஒரு வாய் குடித்தேன், காதுக்குள் கம்பி விட்டது போல் ஏறியது. அன்று இரவு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிந்தது. காலையில் அதே டாக்டரம்மா, அதே நாற்காலி. இந்த முறை படம் எடுத்தார். கடைவாய்ப் பல்லின் முன்பக்கம் வெள்ளை வெளேர் என்று நன்றாக இருக்கிறது. பின்பக்கம், ஞானப்பல் முட்டிக்கொண்டிருந்த இடத்தில், ஈறுக்குக் கீழே வேர் வரைக்கும் கறுப்பு. அடைக்கவும் வழியில்லை, வேர் சிகிச்சை (ரூட் கேனால்) செய்தாலும் மேலே நிற்கப் பல் இல்லை. இரண்டையும் எடுத்தார்கள். "அன்னிக்கே பார்த்திருந்தா ஞானப்பல்லை மட்டும் எடுத்துட்டு இதைக் காப்பாத்தியிருக்கலாம் கண்ணு" என்றார். திட்டவில்லை, வருத்தமாகச் சொன்னார். அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

பல்லின் மேல் ஓட்டுக்கு, எனாமலுக்கு, நரம்பு கிடையாது. சொத்தை அதில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அடுத்த அடுக்கான டென்டினுக்கு வந்தால் சிலருக்குக் கூச்சம் இருக்கும், பலருக்கு அதுவும் இருக்காது. நடுவில் இருக்கும் நரம்பைத் தொடும்போதுதான் வலி. அதனால் வலிக்காத பல் நல்ல பல் என்று கணக்குப் போட முடியாது.

7 ஜூலை 2024, காலை 6.30

இரவு எழுதியதைப் படித்தால் வலி வந்துவிட்டால் பல் போய்விடும் என்று சொன்னது போல இருக்கிறது. அப்படி இல்லை. வலி வந்த பிறகும் வேர் சிகிச்சை செய்து நிறையப் பற்களைக் காப்பாற்றுகிறார்கள். என் கணவருக்கே இரண்டு பல்லில் செய்து மேலே கேப் (உறை) போட்டிருக்கிறோம். ஆனால் செலவைப் பாருங்கள். எங்களுக்கு ஒரு படம் 250 ரூபாய் ஆனது. சின்ன அடைப்பு ஆயிரத்துக்குள் முடிந்தது. வேர் சிகிச்சையும் கேப்பும் சேர்ந்து ஒரு பல்லுக்கு எட்டாயிரம். காசு பிடுங்குகிறார்கள் என்று கேள்வி கேட்டவர் சொன்னதால் இந்தக் கணக்கை எழுதுகிறேன்.

7 ஜூலை 2024, மதியம் 2.00

படத்தில் என்ன தெரியும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் தொழிலை வைத்துச் சொன்னால் எனக்கு எளிது. பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறேன், பதினெட்டு வருடம். கீழே ட்யூப்லைட் எரியும் கண்ணாடி, அதன் மேல் துணி ஓடும். மேசையில் விரித்துப் பார்த்தால் குறையே இல்லாத துணியில், கீழிருந்து வெளிச்சம் வந்ததும் ஊசிக்கோடு தெரியும், ஓட்டை தெரியும், நூல் மெலிந்த இடம் தெரியும். வெட்டித் தைத்த பிறகு கண்டுபிடித்தால் பீஸே போச்சு. ரோலில் இருக்கும்போது கண்டுபிடித்தால் அந்த இடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு வெட்டலாம்.

எக்ஸ்ரேயும் அப்படித்தான், வெளிச்சத்துக்குப் பதில் கதிர். கெட்டியான இடம் கதிரைத் தடுக்கும், படத்தில் வெள்ளையாக விழும். எனாமல் நல்ல வெள்ளை, டென்டின் சாம்பல், நரம்பு இருக்கும் குழி கறுப்பு. சுண்ணாம்புச் சத்து கரைந்த இடமும் கறுப்பு. உலோக அடைப்பு இருந்தால் சுண்ணாம்பு அடித்தது போல் பளிச்சென்று இருக்கும்.

படம் ஒரே வகை இல்லை. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ஒன்றாகக் கடிக்கவைத்து எடுப்பது பைட்விங். இரண்டு பல் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மறைந்திருக்கும் சொத்தைக்கு அதுதான். டார்ச் அடித்தாலும் சின்னக் கண்ணாடி விட்டாலும் அந்த இடம் தெரியாது. ஒரு பல்லை வேர் நுனி வரை எடுப்பது ஐஓபிஏ. முழுத் தாடையும் ஒரே படத்தில் விழுவது ஓபிஜி. ஞானப்பல், தாடைக்குள் இருக்கும் நீர்க்கட்டி, முளைக்காமல் உள்ளேயே கிடக்கும் பல் எல்லாம் அதில் தெரியும். ஆனால் தொட்டுக்கொள்ளும் இடத்துச் சின்னச் சொத்தைக்கு ஓபிஜி போதாது, பைட்விங் அளவுக்குத் தெளிவு வராது.

7 ஜூலை 2024, இரவு 10.15

மகள் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எனக்கு அப்படி ஆன பிறகு அவளை விட்டுவைப்பேனா? 2021இல் எட்டு வயது. ஒரு பல்லிலும் குழி இல்லை, பார்க்க முத்து முத்தாக இருக்கும். பைட்விங் எடுக்க பிளாஸ்டிக் உறை போட்ட சென்சாரை வாய்க்குள் வைத்தால் உடனே ஓங்கரிக்கிறாள். இரண்டு தடவை துப்பிவிட்டாள். டாக்டரம்மா அவசரப்படவில்லை. "மூக்குல மூச்சு விடு கண்ணு. வலது காலைத் தூக்கு, இன்னும் மேல, அங்கேயே நிறுத்து" என்றார். அவள் கவனமெல்லாம் காலில். டிக் என்று ஒரு சத்தம், முடிந்தது.

திரையில் கீழ்க் கடைவாய்ப் பால்பற்கள் இரண்டு. அவை தொடும் இடத்தில் எனாமலுக்குள் ஒரு கறுப்பு முக்கோணம், எறும்புத் தலை அளவு. அடிப்பக்கம் வெளியே, கூர்ப்பக்கம் உள்ளே. டென்டினுக்குப் போகவில்லை. நான் உடனே அடைத்துவிடச் சொன்னேன். வேண்டாம் என்றார். எனாமலைத் தாண்டாத சொத்தையை நிறுத்த முடியும், எதற்குத் துளை போட வேண்டும் என்று கேட்டார். ஃபுளோரைடு வார்னிஷ் பூசினார். இரவு பல் விளக்கிய பிறகு பாலில் சர்க்கரை போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை விடச் சொன்னார், பல் இடுக்கில் நூல் விடக் கற்றுக்கொடுத்தார். அடுத்த வருடம் அதே கோணத்தில் இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முக்கோணம் அப்படியே நின்றிருந்தது.

விழப்போகிற பால்பல்லுக்கு எதற்கு இவ்வளவு என்று என் மாமியாரே கேட்டார். பின்பக்கத்துப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். சீக்கிரம் போய்விட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், கீழே வருகிற நிலைப்பல்லுக்கு வழி இருக்காது.

9 ஜூலை 2024, இரவு 9.50

கதிர்வீச்சு பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு சின்ன டிஜிட்டல் படத்துக்கு ஏறக்குறைய 5 மைக்ரோசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஓபிஜிக்கு 15இலிருந்து 25 வரை. ஒரு நாள் வெயிலில் நிற்பது போலத்தான்.

"படம் எடுக்கும்போது டாக்டர் மட்டும் ஏன் வெளியே ஓடுகிறார்?" என்ற கேள்வி நியாயமானது. நானும் கேட்டேன். உங்களுக்கு வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. அவருக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது, வருடம் முழுவதும். எங்கள் கம்பெனியில் சாயப்பட்டறைக்கு ஒரு நாள் போய் வருபவர் முகமூடி போடாவிட்டாலும் பெரிதில்லை, அங்கேயே வேலை செய்கிறவர் போட்டாக வேண்டும்.

பழைய காலத்தில் இந்தக் கவனம் இல்லாமல் உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மன் விஞ்ஞானி ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பர். 1896 ஜனவரியிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தன் வாய்க்குள்ளேயே தகட்டை வைத்து, 25 நிமிடம் அசையாமல் இருந்து பல்லைப் படம் எடுத்தார். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த எட்மண்ட் கெல்ஸ் நோயாளிகளின் வாயில் பிலிமைத் தன் விரலாலேயே பிடித்து எத்தனையோ படங்கள் எடுத்தார். விரல்கள் போயின, பிறகு கையே போயிற்று. 1928இல் இறந்துபோனார். இன்றைக்கு ஒரு படத்துக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை.

10 ஜூலை 2024, காலை 7.00

நேற்று எழுதியதில் இரண்டைத் திருத்த வேண்டும்.

வெயில் என்று சொன்னது தப்பு. வெயில் வேறு, இந்தக் கதிர் வேறு. மண், பாறை, காற்று, சாப்பாடு, வானத்திலிருந்து வருவது என்று இயற்கையாகவே எல்லோர் மேலும் கதிர்வீச்சு விழுந்துகொண்டிருக்கிறது. உலகச் சராசரி வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது 2,400 மைக்ரோசீவர்ட். நாளுக்குப் பார்த்தால் ஆறரை மைக்ரோசீவர்ட் வரும். அந்த ஒரு நாள் கணக்குத்தான் ஒரு சின்னப் படம்.

சாயப்பட்டறை உதாரணமும் எனக்கே பிடிக்கவில்லை. அங்கே ஒரு நாள் போகிறவரும் முகமூடி போட்டுக்கொள்வதுதான் நல்லது. அதே மாதிரி, குறைந்த கதிர்தானே என்று காரணமில்லாமல் படம் எடுப்பதும் சரியில்லை. தேவை இருந்தால் மட்டும், முடிந்த அளவு குறைத்து என்பதுதான் இந்தத் துறையின் விதியே. நம் நாட்டில் பல் எக்ஸ்ரே மெஷினுக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும்.

கர்ப்பமாக இருக்கும் தங்கை ஒருவர் கேட்டது: முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடக்கூடிய படமாக இருந்தால் தள்ளிப்போடுவார்கள். வீக்கம், சீழ் என்று அவசரமாக இருந்தால் எடுப்பார்கள், பயப்பட வேண்டாம். கழுத்துக்கும் வயிற்றுக்கும் ஈயக் கவசம் போடாத இடம் மோசமான இடம் என்றும் முடிவு கட்டாதீர்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024 பிப்ரவரியில் அந்தக் கவசம் இனித் தேவையில்லை என்றே சொல்லிவிட்டது. இப்போதைய மெஷின்களில் கதிர் சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது, கவசம் குறுக்கே வந்து படம் கெட்டால் இன்னொரு முறை எடுக்க வேண்டியதாகும். மனசுக்கு நிம்மதி வேண்டுமென்றால் கேளுங்கள், போட்டுவிடுவார்கள்.

13 ஜூலை 2024, இரவு 11.30

வருடம் ஒரு தடவை எல்லோரும் எடுக்க வேண்டுமா? வேண்டாம். மகளுக்கு வருடம் ஒன்று எடுத்ததால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவிடம் இன்று கேட்டேன். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2012 வழிகாட்டியைச் சொன்னார். சொத்தை அதிகம் வருகிற குழந்தைக்கு 6இலிருந்து 12 மாதத்துக்கு ஒரு தடவை பைட்விங். சொத்தையே இல்லாத பெரியவர்களுக்கு இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை போதும். முதலில் வாயைப் பார்த்து, கேள்வி கேட்டு, அப்புறம்தான் எந்தப் படம் என்று முடிவு செய்ய வேண்டும். நாற்காலியில் உட்காரும் முன்பே படம் எடுத்துவிட்டு வாருங்கள் என்றால் எதற்கு என்று கேட்கலாம்.

இன்னொன்றும் சொன்னார். எனக்கு அது புதிது. படத்தில் கறுப்பு தெரிய வேண்டுமானால் அந்த இடத்தில் முப்பது, நாற்பது சதவீதம் சத்து ஏற்கெனவே போயிருக்க வேண்டுமாம். அப்படியென்றால் படம் காட்டுவதைவிடச் சொத்தை எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். எக்ஸ்ரே ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது முழுசாகச் சரியில்லை. வலி காட்டுவதற்கு நெடுநாள் முன்பே காட்டும், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

14 ஜூலை 2024, மாலை 5.20

தன் படத்தை ஃபோனில் வாங்கிப் பார்த்துவிட்டு எல்லாப் பல்லின் கழுத்திலும் கறுப்பு இருக்கிறதே என்று பதறியிருக்கிறார் கரூர் வாசகர். நானும் அந்தப் பயத்தை அனுபவித்தவள். துணியில் ஓட்டை தேடித் தேடிப் பழகிய கண், கறுப்பைக் கண்டால் விடாது. மகள் படத்தில் ஒரே வரிசையாக நாலு பல்லில், எனாமல் முடிந்து வேர் தொடங்கும் இடத்தில் மங்கலான கறுப்பு. அது சொத்தை இல்லை. அந்த இடத்தில் பல் மெலிவு, கதிர் கூடுதலாகப் புகுந்து போவதால் அப்படித் தெரிகிறது. துணியில் மடிப்பு நிழலை ஓட்டை என்று புதுப் பெண்கள் குறித்துவைப்பார்கள், அதே கதை. படத்தைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் முடிவை அவர்களிடம் விடுங்கள்.

20 ஜூலை 2024, இரவு 10.00

ஈறு பற்றி எழுதவே இல்லை என்று கோபித்துக்கொண்டார் ஒருவர். அவர் சொல்வது சரி.

அம்மாவுக்குச் சர்க்கரை, பன்னிரண்டு வருடமாக. சொத்தை ஒன்றுகூட இல்லை. "எனக்குப் பல்லெல்லாம் கல்லாட்டம்" என்று பெருமையாகச் சொல்லும். போன வருடம் முன்பல் இரண்டும் கொஞ்சம் விலகியது போல இருந்ததால் கூட்டிக்கொண்டு போனேன். ஓபிஜி எடுக்கச் சொன்னார்கள். தோடு, மூக்குத்தி, சங்கிலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அம்மா மூக்குத்தியைக் கழற்றிக் கொடுத்தது, தோட்டைக் கழற்றவில்லை. திருகாணி சுற்றாது, நாற்பது வருடமாகக் கழற்றியதில்லை. சரி என்று அப்படியே நிற்கவைத்தார்கள். நெற்றியை அண்டைக் கொடுத்து, குச்சியைக் கடித்துக்கொண்டு நின்றது. மெஷின் தலையைச் சுற்றிப் பதினைந்து நொடியில் ஒரு சுற்று வந்தது. படத்தில் பார்த்தால் தோடு இரண்டு அல்ல, நாலு! இடது தோட்டின் நிழல் வலது பக்கம், கொஞ்சம் மேலே, மங்கலாகப் பெரிசாக விழுந்து தாடையை மறைத்துக்கொண்டிருந்தது. பிறகு சோப்புத் தண்ணீர் போட்டு, அரை மணி நேரம் போராடி, கழற்றி, மறுபடியும் எடுத்தோம். வீட்டிலேயே கழற்றிவிட்டுப் போங்கள், ஒரு படம் மிச்சம்.

இரண்டாவது படத்தில் எலும்பு தெரிந்தது. நல்ல வாயில் எலும்பின் விளிம்பு பல்லின் கழுத்துக்குக் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் நிற்கும். அம்மாவுக்கு முன்பற்களில் வேரின் பாதி வரை இறங்கியிருந்தது. கிணற்றில் தண்ணீர் இறங்கினது போல. ஒரு நாள்கூட வலித்ததில்லை. பல் விளக்கும்போது ரத்தம் வரும், ஈர்க்கு பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். போன எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது, இருப்பதை நிறுத்தலாம். ஆழச் சுத்தம் செய்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்வருகிறோம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்படாது என்பதை அம்மாவின் சர்க்கரை டாக்டரும் சொன்னார்.

ஒன்று கவனியுங்கள். இதுவரை எவ்வளவு எலும்பு போனது என்பதைத்தான் படம் சொல்லும். இப்போது நோய் நடக்கிறதா என்பது ஈறில் ஊசி மாதிரியான அளவுகோலை விட்டுப் பார்த்து, ரத்தம் வருகிறதா என்று பார்த்துத்தான் தெரியும். படம் மட்டும் எடுத்துவிட்டு ஈறைத் தொட்டே பார்க்காவிட்டால் பாதி வேலைதான்.

21 ஜூலை 2024, காலை 8.40

கொஞ்சம் விலகிப் போகிறேன். வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், நாட்டுச்சர்க்கரை பல்லை ஒன்றும் செய்யாது என்று எழுதியிருக்கிறீர்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரை எனக்கும் உயிர். ஆனால் பல்லில் இருக்கும் கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான், தின்று அமிலமாக்கும். எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். எங்கள் கம்பெனியில் நைட் ஷிப்ட் பையன்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டீ என்று விடிய விடியக் குடிக்கிறார்கள். இருபத்திரண்டு வயதில் நாலு பல்லில் சொத்தை. வயிறார ஒரு நேரம் ஒப்புட்டு சாப்பிடுகிறவருக்கு அவ்வளவு ஆவதில்லை.

எங்கள் ஆத்தா பல்லில் புழு இருக்கிறது என்று நம்பியது. கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு, புகையைக் குழாய் வழியாக வாய்க்குள் பிடிப்பார்கள். கிண்ணத்துத் தண்ணீரில் வெள்ளையாக ஏதோ மிதக்கும், புழு விழுந்துவிட்டது என்பார்கள். வலியும் கொஞ்சம் மட்டுப்பட்டதாகச் சொல்லும். படத்தில் புழு இல்லை, கறுப்புத்தான் இருக்கிறது. ஆத்தாவுக்குப் படம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஐம்பது வயதிலேயே கடைவாய்ப் பல் எதுவும் இல்லாமல், ராகிக் களியைக் கரைத்துக் குடித்தே முப்பது வருடம் இருந்தது. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

28 ஜூலை 2024, இரவு 9.15

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எக்ஸ்ரே எல்லாவற்றையும் காட்டாது.

தாராபுரத்தில் என் பெரியப்பா. வெற்றிலை, பாக்கு, போயிலை மூன்றும் நாற்பது வருடம். சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்க ஓபிஜி எடுத்தார்கள், தாடை எலும்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். "படமே நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க" என்று நிம்மதியாகப் போயிலையைத் தொடர்ந்தார். கன்னத்தின் உள்பக்கம் விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு அப்போதே இருந்திருக்கிறது. படத்தில் அது வரவே வராது. சதை, தோல், ஈறு, நாக்கு எதுவும் அந்தப் படத்தில் தெரியாது. வாய்ப் புற்று எலும்பை அரித்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும், அது ரொம்பத் தாமதம். எட்டு மாதம் கழித்து வேறொரு இடத்தில் கன்னத்தை இழுத்து விளக்கு அடித்துப் பார்த்தவர்தான் கண்டுபிடித்தார். சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்று ஆகவில்லை, ஆகப்போகிற மாற்றம் என்று வந்தது. போயிலையை விட்டுவிட்டார். மாதாமாதம் காட்டுகிறார்.

வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், பாக்கு போடுகிறவர்களுக்கு வாய் திறப்பது குறைந்துகொண்டே வருவது, இதெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டியவை. படம் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் பல்லும் எலும்பும் நன்றாக இருக்கின்றன என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

29 ஜூலை 2024, காலை 6.50

தர்மபுரிப் பக்கத்து வாசகருக்கு: சின்ன வயதிலிருந்தே எல்லாப் பல்லிலும் பழுப்புக் கோடு இருப்பது பெரும்பாலும் சொத்தை இல்லை. பல் உருவாகும் வயதில் ஃபுளோரைடு அதிகமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்ததால் வருவது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் தண்ணீர் கொண்டுவந்ததே இதற்காகத்தான். கறை இருக்கும் பல்லிலும் இடுக்கில் சொத்தை வரலாம், அதனால் காட்டிவிடுங்கள்.

3 ஆகஸ்ட் 2024, ஆடிப் பெருக்கு

கேள்வி கேட்ட ஈரோட்டு வாசகர் திரும்ப எழுதியிருக்கிறார். போய் எடுத்தாராம், ஒன்றும் இல்லையாம், "250 ரூபாய் தண்டம்" என்கிறார். தண்டம் இல்லைங்க. அந்தப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடம் கழித்து இன்னொரு படம் எடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அடிப்படை. பழைய படம் இல்லாததால் அம்மாவின் எலும்பு இறங்கியது இரண்டு வருடத்திலா, இருபது வருடத்திலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கைச்செலவு கஷ்டம் என்கிறவர்களுக்கு: திருச்செங்கோடு, குமாரபாளையம், கோயம்புத்தூர், சேலம் எல்லா இடத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. படமும் சிகிச்சையும் வெளியில் ஆவதைவிடக் குறைவாக ஆகும். மாணவர்கள் செய்வார்கள், ஆசிரியர் வந்து சரிபார்ப்பார். நேரம் கூட ஆகும், ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். என் நாத்தனாரை ஓர் இடத்தில் ஓபிஜி எடுத்து, திரையை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஐந்து பல் அடைக்க வேண்டும் என்று சொன்னார்கள். படத்தைக் கேட்டால் கொடுக்கவில்லை. வேறு இடத்தில் பைட்விங் எடுத்துப் பார்த்ததில் அடைக்க வேண்டியது இரண்டு. நம் வாயைப் படம் எடுத்தால் அதைப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. எந்தப் பல், எந்த இடம், எனாமலிலா டென்டினிலா என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

11 ஆகஸ்ட் 2024, இரவு 10.30

அப்பா உடுமலைப் பக்கம் தோப்பில் இருக்கிறார். ஆடி நோன்புக்குப் போனபோது இந்தப் பேச்சை எடுத்தேன். "வலிக்காத பல்லுக்கு எதுக்கு கண்ணு போட்டோ" என்று அவரும் அதையே கேட்டார். நான் துணி, வெளிச்சம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. அப்புறம் அவரே தோப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "கூன்வண்டு விழுந்த மரமாட்டம் சொல்றியா?" என்றார்.

தென்னையில் சிவப்புக் கூன்வண்டு உள்ளே போனால் மரம் பச்சையாகத்தான் நிற்கும். குருத்து சாய்கிற அன்று பார்த்தால் தண்டு உள்ளே நார் நாராகப் போயிருக்கும், மரத்தைக் காப்பாற்ற முடியாது. அதனால் அப்பா மரத்தில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே புழு கடிக்கும் சத்தம் கரகரவென்று கேட்கும் என்பார். தண்டில் சின்ன ஓட்டை, பழுப்பாக வடிந்த சாறு இருந்தால் அன்றைக்கே மருந்து வைப்பார். போன வருடம் அப்படி மூன்று மரத்தைக் காப்பாற்றினார். "பல்லுக்குக் காதை வெச்சுக் கேக்க முடியாது, அதான் போட்டோவாக்கும்" என்று அவரே முடித்துக்கொண்டார்.

18 ஆகஸ்ட் 2024, இரவு 9.00

அப்பாவைத் திருப்பூருக்குக் கூட்டிவந்து காட்டினேன். கடைவாயில் சந்தேகப்பட்ட பல்லில் ஒன்றும் இல்லை. மேல் முன்பல் ஒன்று முப்பது வருடமாகச் சாம்பல் நிறத்தில் இருக்கிறது, வண்டி மாடு தலையை ஆட்டியபோது கொம்பு பட்டது. வலித்ததே இல்லை, அதனால் யாரும் கவனித்ததில்லை. ஐஓபிஏ படத்தில் அந்த வேரின் நுனியில் பட்டாணி அளவுக்குக் கறுப்பு வட்டம். அன்றைக்கே நரம்பு செத்துப்போய், கிருமி மெதுவாக வேர் நுனி வழியாக எலும்பைத் தின்றிருக்கிறது. பல் கெட்டியாகத்தான் நிற்கிறது, எடுக்க வேண்டாம், வேர் சிகிச்சை போதும் என்றார் டாக்டரம்மா. முதல் சிட்டிங் இன்று முடிந்தது. மரத்துப்போகும் ஊசிகூடப் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஆறு மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்து அந்த வட்டம் சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

அப்பா திரையைக் கிட்டப் போய்ப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். அடுத்த சிட்டிங் வியாழக்கிழமை. அன்றைக்குத் தேங்காய் வெட்டு வேண்டாம் என்று ஆளுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டார்.